மீனின் கண்ணால் பாருங்கள்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையோரம் ஓடில்லாக் கடல் நத்தை ஒன்று வாழ்கிறது. கோனியோபிராங்கஸ் ஸ்பிளெண்டிடஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வெள்ளை உடல், அதன்மேல் சிவப்புப் புள்ளிகள், ஓரத்தைச் சுற்றி மஞ்சள் கரை. இதன் வண்ணப்படத்தைக் காட்டி, "சிவப்பு என்றால் அபாயம். அதைக் கண்டு மீன்கள் விலகிப் போகின்றன" என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "சார், அது சிவப்பு என்று மீனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இயற்பியல் ஆசிரியனாகிய நான் அல்லவா அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்!

நத்தைக்கு மீனிடமிருந்து தப்ப ஓடு இல்லை, வேகமும் இல்லை. கசப்பான இரசாயனப் பொருள்களே அதன் காவல். இவ்வகை நத்தைகள் கடற்பஞ்சுகளைத் தின்று, அவற்றிலுள்ள அத்தகைய பொருள்களைத் தம் உடலில் சேமித்து வைக்கின்றன. ஆனால் மீன் கடித்துப் பார்த்த பிறகு கசப்பை அறிவதால் நத்தைக்கு என்ன பயன்? கடிக்குமுன்பே எச்சரிக்க வேண்டும். அதற்குத்தான் வண்ணம். நத்தையின் சொந்தக் கண்ணோ வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டுமே பிரித்தறியும். ஆகவே அந்த வண்ண எச்சரிக்கை முழுவதும் மீனின் கண்ணுக்கு உரியது.

இனி இயற்பியலுக்கு வருவோம். கடல்நீர் சிவப்பொளியை எளிதில் உறிஞ்சிவிடும். சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள் அதன் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. புத்தகப் படங்களில் பளிச்சென்று தெரியும் சிவப்பு, பெரும்பாலும் புகைப்படக்காரர் கொண்டுபோன விளக்கு தந்தது. மீனின் கண் எப்படிப்பட்டது? பவளப் பாறைகளில் வாழும் பிக்காசோ கிளாத்தி மீனுக்கு மூவகைக் கூம்புச் செல்கள் உண்டு. அவை ஏறத்தாழ 413, 480, 530 நானோமீட்டர் அலைநீளங்களில் அதிகமாகத் தூண்டப்படுகின்றன. சிவப்போ 600 நானோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஆகவே நமக்குச் சிவப்பாகத் தெரியும் புள்ளி அந்த மீனுக்கு வெறும் கரும்புள்ளியாகவே தோன்றக்கூடும்.

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கேள்வியை மீனிடமே கேட்டார்கள். 2017இல் வெளியான அவர்களது சோதனையில், கிளாத்தி மீன் மஞ்சள் ஓரத்தைக் கொண்டே விலக வேண்டியதை அடையாளம் கண்டது! நத்தைகளை அளந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சிவப்புப் புள்ளிகள் நிறத்திலும் அமைப்பிலும் நத்தைக்கு நத்தை மாறுகின்றன. மஞ்சள் ஓரமோ எல்லா இடத்திலும் மாறாமல் இருக்கிறது. ஓரம் மாறிய நத்தையை மீன் அடையாளம் காணாமல் கடித்துவிடுமல்லவா? அதனால்தான் ஓரம் நிலைத்திருக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள்.

நம் கண்ணில் முதலில் பட்டது சிவப்பு. மீன் பார்த்ததோ மஞ்சள். நம் கண்ணை அளவுகோலாக வைத்து விளக்கம் சொன்னால் இப்படித்தான் தவறும். ஓர் உயிரின் நிறத்துக்குக் காரணம் தேடுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த ஒளியில்? யாருடைய கண்ணுக்கு? இக்கேள்விகளுக்கு விடை காண உயிரியல் மட்டும் போதாது; இயற்பியல் மட்டும் போதாது. இரண்டு புத்தகங்களையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

இன்றே ஒரு சிறு சோதனை செய்யுங்கள். சிவப்புச் செம்பருத்திப் பூவை நீலக் கண்ணாடித்தாள் வழியே பாருங்கள். பூ கறுத்துத் தோன்றும். பூ மாறவில்லை, உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிதான் மாறியது. பிறகு கடல் நத்தையின் படத்தை எடுத்து, அதையும் அத்தாள் வழியே ஒருமுறை பாருங்கள்!