கையில் கிடைத்த டயோடு காரியத்துக்கு ஆகுமா?

சிராங்கூன் சாலைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களில் சிலர், மளிகைப் பையோடு ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவருக்கும் ஒரு நடை போய்வருவதுண்டு. டயோடு, டிரான்சிஸ்டர், கண்டென்சர் போன்ற எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன கட்டடம் அது.

ஜொகூர் தோட்டத்திலிருந்து வந்த உறவுக்காரத் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "அண்ணே, பழைய டிவிக்குப் புது டயோடுதான் போட்டேன். பத்து நிமிஷம் ஓடியது. அப்புறம் கருகல் வாடை!" அவர் காட்டியது 1என்4007. நல்ல டயோடுதான், போட்ட இடம்தான் தவறு.

டயோடு வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, எத்தனை வோல்ட் தாங்கும்? வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும், அலையின் உச்சத்தில் அது 325 வோல்ட்டைத் தொடுகிறது. 1என்4001 தாங்குவது 50 வோல்ட்தான். அதே உருவமுள்ள 1என்4007 ஆயிரம் வோல்ட் தாங்கும். உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இரண்டு, எத்தனை ஆம்பியர்? இவை இரண்டுமே 1 ஆம்பியர் வகை. அதற்கு மேல் போகும் இடத்தில் பெரியதுதான் வேண்டும்.

மூன்று, எவ்வளவு வேகம்? தம்பி கோட்டை விட்டது இங்கேதான். சுவரிலிருந்து வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுகிறது. அதற்கு 1என்4007 போதும். ஆனால் இக்கால டிவி, கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்குள் மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடப்படுகிறது. அந்த வேகத்துக்கு இந்த டயோடு கதவை மூடுவதற்குள் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, சூடேறிக் கருகிவிடும். அங்கே 'ஃபாஸ்ட் ரிகவரி' வகையோ, குறைந்த வோல்ட் உள்ள இடத்தில் 'ஷாட்கி' வகையோதான் பொருந்தும்.

கண்டென்சரிலும் கவனம் தேவை. 85 டிகிரி என்று அச்சிட்டதைவிட 105 டிகிரி வகை சூட்டில் அதிக நாள் உழைக்கும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், அதன் எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

ஃபியூஸ் போனால் கம்பியைச் சுற்றிச் சமாளிக்காதீர்கள். ஃபியூஸ் போனதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. கம்பி அதை மறைத்து, தீயை வரவழைக்கும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். மீட்டர் வைத்து அளந்து, தக்க ரெசிஸ்டர் வழியே அதை இறக்கப் பழகாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். தம்பியிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன். டிவி போனால் வேறு வாங்கலாம்.