ஜெயிலிலிருந்து மீள்வோர் கதி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி வட்டாரமெங்கும் வேலைக்கு ஆள் தேடுவது வழக்கம். விடுதிகளுக்கும் சிற்றுண்டிச் சாலைகளுக்கும் கடைகளுக்கும் ஆனி முதல் ஆவணி வரையில் ஆள் போதாது. ஆயினும் பாளையங்கோட்டை மத்திய ஜெயிலில் தண்டனையை முடித்துக்கொண்டு இப்பக்கம் திரும்பும் ஒருவன் அவ்வேலைகளில் ஒன்றைக் கேட்டுச் சென்றால், "இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்ற ஒரே கேள்வியுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. தொழில் தெரியும் என்பதற்கு அத்தாட்சியோ, நடத்தைக்குப் பிணையோ இல்லாதவனைக் கல்லாப்பெட்டிக்கு அருகில் நிறுத்த அவர் அஞ்சுவது இயல்பே. அந்த அத்தாட்சியை அவன் ஜெயிலுக்குள்ளேயே பெற வழிசெய்வது சர்க்காரின் கடமை. அதற்குப் போதிய பணம் ஒதுக்கப்படாததே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

நமது திருநெல்வேலிச் சீமைக்கு இப்பாடம் புதிதன்று. கோயமுத்தூர் ஜெயிலில் செக்கிழுத்த தேசபக்தர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1912-ல் விடுதலை பெற்றபோது அவருடைய வக்கீல் சன்னத்து பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டிய அவர் சென்னையில் குடும்பத்தைக் காப்பாற்றவே அல்லலுற்றார். பின்னர் வாலஸ் என்ற நீதிபதியின் உதவியால் சன்னத்து திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கல்வியும் கீர்த்தியும் படைத்தவருக்கே தொழிலைத் திரும்பப் பெற இவ்வளவு பாடு என்றால், எழுத்தறியாத ஏழைக் கைதியின் கதியைச் சொல்ல வேண்டுமோ?

கொள்கையில் தகராறு ஏதும் இல்லை. கைதியைத் திருத்துவதே ஜெயிலின் நோக்கம் என்று 1919-20-ம் வருஷத்து இந்திய ஜெயில் கமிட்டியே கூறிவிட்டது. 1980 முதல் 1983 வரை ஆராய்ந்த முல்லா கமிட்டியும் அதையே வற்புறுத்தியது. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டுமென்று 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2023-ல் மத்திய சர்க்கார் ஒரு மாதிரிச் சட்டமும் தயாரித்து அனுப்பினர். ஏட்டில் குறைவில்லை, பணப்பெட்டிதான் திறக்கவில்லை. கைதிகளுக்காகச் செலவாகும் தொகையில் பெரும்பகுதி சாப்பாட்டுக்குப் போகிறது; கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் கிடைப்பது மிகச் சொற்பம்.

அச்சொற்பமும் எல்லோரையும் எட்டுவதில்லை. 2022-ம் வருஷக் கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்தவர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல், விசாரணைக் கைதிகள். தண்டனை பெறாதவனை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்துவது முறையன்று, அது சரியே. ஆனால் விரும்பிக் கற்க வருபவனுக்கும் ஆசிரியர் இல்லை, பட்டறை இல்லை என்பது எவ்விதத்தில் நியாயம்? கிளைச் சிறைகளில் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவன் குற்றவாளியல்ல என்று விடுதலையானாலும், இருந்த வேலையை இழந்தே வெளியில் வருகிறான்.

"யோக்கியமான ஏழை வாலிபர்கள் வேலையின்றி அலையும்போது குற்றவாளிக்கு ஏன் பணம்?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் உண்டு. அந்த வாலிபர்களுக்கும் பயிற்சி தர வேண்டியதே. ஆனால் பிழைப்பின்றி மறுபடியும் திருடுபவனுக்குப் போலீஸ், கோர்ட்டு, ஜெயில் என்று மும்மடங்கு செலவழிப்பவர் வரி கொடுக்கும் ஜனங்களே. பொருளைப் பறிகொடுப்பவரும் அவர்களே. அமெரிக்காவில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை, ஜெயிலில் கல்வி பெற்றவர் மீண்டும் ஜெயிலுக்கு வருவது கணிசமாகக் குறைகிறதென்றும், அதற்குச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் மூன்று வருஷங்களில் நான்கைந்து டாலரை மிச்சப்படுத்துகிறதென்றும் கண்டது. கைதிகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித் தொகையை 1994-ல் நிறுத்திய அந்நாடு, 2023-ல் அதை மீண்டும் வழங்கத் தொடங்கியது.

ஜெயில் நிர்வாகம் அரசியல் சட்டப்படி மாநிலப் பொறுப்பாகும். ஆகவே சென்னை சர்க்காருக்கு நாம் கூறுவது இது. வரவு செலவுத் திட்டத்தில் கைதிகளின் கல்விக்கும் பயிற்சிக்கும் தனித் தலைப்பில் தொகை ஒதுக்குக; அதை வேறு செலவுக்குத் திருப்ப இடங்கொடாதீர். கிளைச் சிறைகளுக்கும் ஆசிரியரை அனுப்புக. விடுதலைக்கு முந்திய ஆறு மாதங்களில், கைதி திரும்பிச் செல்லும் ஊரில் விலைபோகும் தொழிலைக் கற்பியுங்கள். சங்கரன்கோவிலுக்குச் செல்பவனுக்கு விசைத்தறி, கழனிப் பக்கம் செல்பவனுக்கு மோட்டார் பம்பு ரிப்பேர், குற்றாலத்துக்கு வருபவனுக்குச் சமையலும் மின்சார வேலையும் பயன்படும். சான்றிதழை அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் வழங்கட்டும். அதில் ஜெயிலின் பெயர் இருக்கலாகாது.

தென்காசி வர்த்தகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் தனி ஜில்லாவாகிய இவ்வூரில், பயிற்சி பெற்று வரும் ஓரிருவருக்கேனும் ஒவ்வொரு சாரல் காலத்திலும் இடம் கொடுக்க முன்வாருங்கள். அரசியல் காரணமாகச் சிறை சென்று வந்த தொண்டர்களுக்கு வாயிலில் மாலையும் கோஷமும் காத்திருக்கின்றன. பக்கத்து அறையில் இருந்தவன் அதே வாயிலில் யாருமின்றி நின்றதை அவர்கள் கண்டிருப்பார்கள். அவனுக்காகச் சட்டசபையில் வாதாட அவர்களைவிடத் தகுந்தவர் யார்?