எட்டயபுரத்துப் பிடில்

கனத்த கிட்டாரும் ராப்பும் அந்நியச் சத்தமாம்; ஓட்டப்பிடாரத்துப் பையன்களுக்கு அது எதற்கு என்கிறார்கள் சிலர். பக்கத்து எட்டயபுரத்தை இவர்கள் மறந்துவிட்டார்கள். அந்தச் சமஸ்தானத்து வித்வான் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்றவர். சாட்சாத் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி! இன்று வயலின் இல்லாமல் எந்த சபாவில் பாட்டுக் கச்சேரி களைகட்டுகிறது? அதேபோல் வெளியிலிருந்து வந்த ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி விலக்கிவைத்தது. நாடக மேடையோ அதைக் கைவிடவே இல்லை.

ராப்பும் இப்படித்தான் தமிழுக்குள் வந்தது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தார். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவோடும் பறையோடும் ராக்கையும் ராப்பையும் சேர்த்துச் சாதியைக் கேள்வி கேட்டது. சிலருக்கு உறுத்துவது கிட்டாரா, அந்தக் கேள்வியா?

சத்தம்தான் குற்றமென்றால், அம்மன் கொடையில் நையாண்டி மேளம் முழங்கும்போது இவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்களா?