புகைபோக்கிக்கு எந்த மீட்டர்?

மந்தாரக்குப்பத்துக்காரர்களுக்கு இரண்டாம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பழகிப்போன காட்சி. 210 மெகாவாட் யூனிட்டுகள் ஏழு, மொத்தம் 1470. அந்தப் புகையில் தூசு எவ்வளவு என்று கேட்டால், ஒரு கனமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் பதில் வரும். 2003 இறுதிக்குள் நிறுவப்பட்ட யூனிட்டுகளுக்கு வரம்பு 100 என்று 2015-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. சரி, மணிக்கு எத்தனை கனமீட்டர் புகை வெளியே போகிறது? அது தெரியாவிட்டால் மொத்தம் எத்தனை கிலோ தூசு என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் அழுத்த வித்தியாசத்தை வைத்து ஓட்டத்தை அளக்கும் மீட்டர்கள் வருகின்றன. பாடப்புத்தகங்களின் செல்லப்பிள்ளை ஓரிஃபிஸ் தட்டு. விலை குறைவு, மாற்றுவது சுலபம், சுத்தமான இயற்கை வாயுவுக்கு அருமை. ஆனால் குழாய் விட்டத்தில் பாதி அளவு துளை என்றால், உண்டாகும் அழுத்த வித்தியாசத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு திரும்பக் கிடைக்காது. சாம்பல் உரசி துளையின் விளிம்பு மழுங்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும். புகைக்கு இது ஆகாது!

வெஞ்சுரியில் இழப்பு குறைவு, தூசும் தேங்காது. பாய்லருக்குக் காற்று போகும் வழியில் வைக்கலாம். பல மீட்டர் அகலமுள்ள புகைபோக்கிக்கு வெஞ்சுரி கட்டினால் அது இன்னொரு புகைபோக்கி கட்டின மாதிரிதான் :-)

மிச்சம் இருப்பது பிட்டோ குழாய். அதிலும் 'எஸ்' வகை. துளை பெரியது, சீக்கிரம் அடைக்காது. குணகம் சுமார் 0.84. ஆனால் புகை 150 டிகிரியில் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், கிடைக்கும் வித்தியாசம் வெறும் 6 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஓட்டக் கணக்கு சுமார் 8 சதவீதம் மாறிவிடும். தவிர அது ஒரு புள்ளியின் வேகம் மட்டுமே. நடுவில் ஒரு வேகம், சுவரோரம் வேறு வேகம்... ஒரே இடத்தில் குழாயைச் செருகி எடுத்த அளவை நம்பவே கூடாது. குறுக்கே பல புள்ளிகளில் எடுக்க வேண்டும்.

நெய்வேலிக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வெட்டும் பழுப்பு நிலக்கரியில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். நீராவி காற்றைவிட லேசு. புகையை உலர்ந்த வாயுவாக நினைத்து அடர்த்தி போட்டால், வேகம் உண்மையைவிடக் குறைவாக வரும். தூசின் எடையும் கூடவே குறையும்.

ஆகவே புகைபோக்கிக்கு பிட்டோதான் சரி, ஆனால் இத்தனை திருத்தங்களோடு. மில்லிகிராம் எண்ணை வெளியிடும்போது மணிக்கு எத்தனை கனமீட்டர், எத்தனை புள்ளிகளில் அளந்தது, ஈரப்பதம் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே போடட்டும். பெருக்கிப் பார்க்க மந்தாரக்குப்பத்தில் ஆள் இருக்கிறது.