ரயிலை மட்டும் படம் எடுத்தால் போதுமா?

ரயில் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எது நண்பர்களே? இன்ஜின் நம்பரா? ஜன்னலோர சீட்டா? இல்லை, பிளாட்பாரத்தில் கையசைத்தபடியே சின்னதாகிப் போன ஒரு முகமா?

பலருக்கும் அந்த முகம்தான். ஆனால் கேமரா கைக்கு வந்ததும் இன்ஜினை மட்டும் பளிச்சென்று எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்!

நாமக்கல்லையே பாருங்கள். லாரிக்குப் பேர் போன ஊர். ஆனால் முன்பெல்லாம் ரயில் ஏற சேலத்துக்கோ, ஈரோட்டுக்கோ, கரூருக்கோதான் போக வேண்டியிருந்தது. சேலம் - கரூர் இடையே 85 கி.மீ. புதிய பாதையில் ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 2013-ல்தான். அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அது வெறும் வண்டியா? இல்லை... ஒரு வாழ்நாள் காத்திருப்பு! அன்று அந்தப் பாதையில் மேலே மின்கம்பி கிடையாது, டீசல் இன்ஜின்தான். இன்று கம்பியும் வந்துவிட்டது. கம்பி இல்லாத அந்த வானத்தை இனி யாராலும் படம் எடுக்க முடியாது.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். நீராவி இன்ஜின்கள் ஓய்வு பெறப்போவது தெரிந்து, 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையில் இரவு இரவாக, பல்புகளை எரியவிட்டுப் படம் எடுத்தார். 1956-ல் எடுத்த ஒன்றில், திறந்தவெளி தியேட்டரில் ஒரு ஜோடி காரில் உட்கார்ந்து படம் பார்க்கிறது. பின்னால் புகையைக் கக்கிக்கொண்டு ரயில் போகிறது. அவர் எடுத்தது இன்ஜினை மட்டுமல்ல, அதோடு வாழ்ந்த மனிதர்களையும்தான். அதனால்தான் இன்றும் அந்தப் படங்கள் பேசுகின்றன.

இன்ஜின் நம்பரும் தேதியும் தேவைதான், மறுக்கவில்லை. அது கணக்குப் புத்தகம் மாதிரி. ஆனால் வரவும் செலவும் மட்டுமே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிடுமா?

அதற்காக உணர்ச்சிவசப்பட்டு தண்டவாளத்தில் இறங்கிவிடாதீர்கள். அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. அதைவிட, வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்களே கடைசிப் படமாகிவிடக் கூடாது!

அடுத்த முறை ரயில் வரும்போது கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்புங்கள். வழியனுப்ப வந்த அம்மா அங்கேதான் நிற்கிறார்.