பார்க்கிறோம், கவனிக்கிறோமா?

சிங்கப்பூரில் காலை வேளையில் பெருவிரைவு ரயிலில் ஏறினால், பயணிகளுள் பெரும்பாலோர் தலைகுனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். மாணவர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். தினமும் செல்லும் வழியில் பார்ப்பதற்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தைத்தான் நாம் நன்கு கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில், கவனிக்காத ஒன்றின்மீது நமக்கு அக்கறை பிறப்பதில்லை.

முதலில் சாலையோர மரங்களைப் பார்ப்போம். குடைபோல விரிந்து நிற்கும் அவற்றுள் பல தூங்குமூஞ்சி மரங்கள். மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால் அவற்றுக்கு அப்பெயர் ஏற்பட்டது. விடியும் முன்னரே பள்ளிக்குப் புறப்படுவோர், அவை இன்னும் ‘உறங்கிக்கொண்டிருப்பதை’ நேரில் காணலாம். இந்த நிழல் நமக்குத் தானாகக் கிடைத்ததன்று. 1963ஆம் ஆண்டில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அன்றுமுதல் பலர் நட்டு, நீரூற்றி, கிளை வெட்டிப் பராமரித்ததன் பயனை இன்று நாம் அனுபவிக்கிறோம். இதை உணர்ந்தவர் மரத்தடியில் குப்பையை வீசத் தயங்குவார்.

ரயில் நிலையங்களின் பெயர்களும் நம்முடன் பேசுகின்றன. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அருகிலிருந்த ஓடையில் துணி வெளுத்து உலர்த்தியதை ‘டோபி காட்’ என்னும் பெயர் நினைவூட்டுகிறது. ‘பொத்தோங் பாசிர்’ என்னும் மலாய்ப் பெயரோ, அவ்வட்டாரத்தில் மணல் வெட்டி எடுக்கப்பட்டதைக் குறிக்கிறது. இன்று அங்கே சலவைத்துறையும் இல்லை, மணற்குழிகளும் இல்லை. அங்கு உழைத்தவர்களின் நினைவைப் பெயர்களே காத்துவருகின்றன.

அடுத்து, நிலையத்தின் தரையைப் பாருங்கள். மேடாகப் பதிக்கப்பட்ட ஓடுகளை நாம் தினமும் மிதித்துச் செல்கிறோம். பார்வையற்றோர்க்கு அவையே வழிகாட்டி. நீண்ட கோடுகள் செல்லும் திசையைக் காட்டுகின்றன; வட்டப் புள்ளிகள் நின்று கவனிக்கச் சொல்கின்றன. 1967ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒக்காயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்ட இத்தகைய ஓடுகள், இன்று பல நாடுகளில் பயன்படுகின்றன. கைப்பேசியைப் பார்த்தபடி அவற்றின்மீது நிற்பவருக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. ஆயினும், வெள்ளைக் கோலுடன் வருபவரின் வழி அடைபட்டுவிடுகிறது. கவனக்குறைவும் பிறருக்குத் துன்பம் தரும் என்பதற்கு இதுவே சான்று.

“காலைப் பயணத்தில்தான் தேர்வுக்குப் படிக்க முடிகிறது, களைப்பாகவும் இருக்கிறது” என்று சிலர் கூறலாம். அதில் நியாயம் உண்டு. பயணம் முழுவதும் கைப்பேசியைத் தொடவே கூடாது என்று நான் கூறவில்லை. வீட்டிலிருந்து நிலையம்வரை நடக்கும் நேரமும், ரயிலில் முதல் இரண்டு நிறுத்தங்களும் போதும். அந்தச் சில நிமிடங்களால் நம் மதிப்பெண் குறைந்துவிடாது.

கவனிப்பின் பெரும்பயன் மனிதர்களிடத்தில்தான் வெளிப்படுகிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒவ்வொரு நாளும் அதே இருக்கையில் அமர்ந்திருக்கும் முதியவரை மூன்று நாள்களாகக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் அறிபவர் யார்? அவரை அங்கே தினமும் கவனித்தவர்தான். அண்டைவீட்டாரிடம் சென்று, “தாத்தா நலமாக இருக்கிறாரா?” என்று கேட்க அவருக்கே தோன்றும். தனியே வாழும் ஒரு முதியவருக்கு அந்த ஒரு கேள்வி பேருதவியாக அமையலாம்.

எனவே, நாளைக் காலை வீட்டிலிருந்து புறப்படும்போது, கீழ்த்தளத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்று சற்றே பாருங்கள். பார்த்ததும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.