பாட்டு நிற்க வேண்டாம்

வீட்டில் பெரியவர் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் நிற்பது பாட்டுதான். "அவர் இப்படிக் கிடக்கையில் பாட்டு ஒரு கேடா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். சில நாள் கழித்துப் பாட்டு திரும்பும்போது கந்தசஷ்டி கவசமாகவோ விஷ்ணு சகஸ்ரநாமமாகவோதான் திரும்பும். படுத்திருப்பவருக்கு அது வேண்டுமா என்று யாரும் விசாரிப்பதில்லை. பக்திப் பாட்டில் மனம் தேறுகிறவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால், ஆயுள் முழுக்க எம்.எஸ்.வி. பாட்டில் திளைத்த மனிதருக்குப் படுத்த மறுநாளே கவசத்தைப் போடுவது, அவருடைய கணக்கை நாமே முடித்துவைப்பதாக எனக்குப் படுகிறது.

என் அப்பா ராமநாதபுரம் பக்கம் பிறந்தவர். அந்தக் கடற்கரையில் அப்போது சிலோன் ரேடியோ துல்லியமாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிற்பாடு அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' என்று அதோடேயே வளர்ந்தவர். பக்கவாதம் இடது மூளையைத் தாக்கியதில் வலது கையும் பேச்சும் போயின. நாங்கள் பேசுவது அத்தனையும் அவருக்குப் புரிந்தது. தண்ணீர் என்று கேட்க வாயெடுத்தால் வேறேதோ ஒலி வரும், கண் கலங்கிவிடும். ஒருநாள் அத்தை கட்டிலருகே உட்கார்ந்து, 1964இல் வந்த 'புதிய பறவை' படப் பாட்டொன்றை முணுமுணுத்தாள். அப்பா அடுத்த அடியைச் சொல் பிசகாமல் பாடினார். அத்தை அழுதேவிட்டாள்.

மருத்துவத்துக்கு இது தெரிந்த விஷயம்தான். பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆள்வது இடது மூளை. பாட்டுக்கு வலப்புறமும் சேர்ந்து உழைக்கிறது. பல காலம் பாடிப் பழகிய வரிகளும், ஒன்று இரண்டு என எண்ணுவதும், கிழமைகளின் பெயர்களும் பேச்சு போன பிறகும் பலருக்குத் தாமாக வரும். இதை வைத்துத்தான் 1973இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு பயிற்சியை வகுத்தார்கள். அன்றாடம் தேவைப்படும் சிறு வாக்கியத்தை மேலொன்று கீழொன்றாக இரண்டே சுரத்தில் இழுத்துப் பாடவேண்டும். அசைக்கு ஒன்றாக இடது கையால் தட்டவேண்டும். வாய் பழகியதும் சுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பேச்சாக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. சொன்னது புரிந்து, சொல்ல மட்டும் முடியாதவர்களுக்கே அதிகம் உதவுகிறது. முழுப் பாட்டைப் பாடிவிட்டார் என்பதற்காகப் பேச்சு வந்துவிட்டதாக நம்பவும் கூடாது. அப்பா சரணம் முழுக்கப் பாடிய அன்றும் காப்பி கேட்க அவரால் முடியவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் அருகிலிருந்து வாரக்கணக்காகப் பழக்கிய பிறகுதான் "காப்பி வேணும்" என்று தட்டித் தட்டிப் பாடிக் கேட்டார். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல பாட்டு இதுவரை கேட்டதில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மாத்திரை, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது என்று அவளுடைய பகல் முழுக்க நோய்க்கே போகிறது. சாயங்காலம் அரை மணி நேரம்தான் அவள் மறுபடி அவருக்கு மனைவி. இருவரும் பாட்டுக்குப் பாட்டு ஆடுகிறார்கள். ஒரு எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் பாட்டைக் கேட்டால் அப்பாவுக்கு வராது என்பதால் பாட்டின் முதல் இரண்டு சொல்லை அம்மா எடுத்துக் கொடுப்பாள். சில நாள் வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் பாடுவாள். அப்பா கட்டிலைத் தட்டி அவளை நிறுத்திவிட்டு, சரியான சொல்லிலிருந்து தானே தொடங்குவார்.